கழிபொருளும் கருவியும்: வால்வு விரியலாக்கி பற்றிய ஒரு திறனாய்வு நோக்கு

இசை பற்றிய தமிழ்த் திறனாய்வு பெரும்பாலும் சொல் பற்றிய திறனாய்வாகவே இருந்து வந்துள்ளது. பாட்டின் பொருள் யாது, அதன் யாப்பு யாது, பாடியவர் எவர் என்னும் வினாக்களுக்கு விடை தேடிய அளவுக்கு, அப்பாட்டு எந்தக் கருவியின் வழியே செவியை அடைந்தது என்னும் வினாவுக்கு விடை தேடப்படவில்லை. இதற்குப் பெரும் புறநடை ஒன்று உண்டு. 1947இல் வெளிவந்த யாழ்நூலில் விபுலாநந்த அடிகள், வழக்கொழிந்த கருவியொன்றைச் செய்யுளடிகளிலிருந்தும் உரைக்குறிப்புகளிலிருந்தும் மீட்டெடுத்தார். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை அவருக்கு இலக்கியமாக மாத்திரம் அமையவில்லை; கருவியொன்றைச் செய்தற்கு வேண்டிய குறிப்பேடாகவும் அமைந்தது. இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியாகிய அடிகள், 1920களில் திருகோணமலை இந்துக் கல்லூரியை நடத்தியவர். நரம்பின் நீளத்தையும் சுருதியின் அளவையும் கணக்கிடாமல் பண்ணைப் பற்றிப் பேசுதல் இயலாதென்பதை அவர் தம் நூலால் நிறுவிக் காட்டினார்.

அடிகள் மீட்டது பழந்தமிழர் கருவி. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழிய, 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும், ஈழத்துத் தமிழிளைஞர் வேறொரு கருவியோடு மல்லுக்கட்டலாயினர். மின்கிற்றாரின் மெல்லிய அதிர்வை மண்டபம் நிறையும் ஒலியாக்கித் தரும் பெட்டி அது. பள்ளிப் பாடநூல் அதனை விரியலாக்கி என்னும். பட்டறையில் அதன் பெயர் அம்பிளிபயர். பொப்பிசை என வழங்கிய பாட்டு வகையைப் போற்றியவரும் தூற்றியவரும் அதன் சொற்களை விவாதித்தனர், தாளத்தை விவாதித்தனர், பாடகரின் உடையையுங்கூட விவாதித்தனர். அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தவர் அரியர். யாழுக்குக் காட்டிய பரிவை விரியலாக்கிக்குக் காட்டாமை தற்செயலானதன்று. பழைமை உடையதாயின் கருவி ஆராய்ச்சிக்குரியது, பழசாயின் குப்பைக்குரியது என்னும் மனப்பாங்கு அதன் அடியில் உண்டு.

இவ்வினாவை எழுப்புதற்குத் திருகோணமலையிலும் பொருத்தமான ஊர் ஈழத்தில் இல்லை. எம். பி. பரமேஷ், எம். பி. கோணேஷ் என்னும் சகோதரர் இவ்வூரினர். ஈழத்துத் தமிழ்ப் பாடல் இசைத்தட்டாக வெளிவந்த வரலாறு பேசப்படும்போது முன்னே வைக்கப்படும் பெயர் பரமேஷினுடையது. நகரை அடுத்த பாலையூற்றில் போர்த்துக்கீச வழிவந்த பறங்கியர் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றனர். மட்டக்களப்பிலும் இங்கும் அவர்கள் பேணிய கபிரிஞ்ஞா ஆட்டப்பாட்டு வயலினும் கிற்றாரும் கொண்டு நிகழ்வது. பைலாவின் வேர்களுள் ஒன்று அங்கே உள்ளது. ஆகவே கிற்றார் என்பது மேல்நாட்டு இசைத்தட்டோடு 1960களில் வந்திறங்கிய புதுச்சரக்கு என்னும் கூற்று, கிழக்குக் கரையைப் பொறுத்தவரை அரைகுறை உண்மையே. புதிதாக வந்தது கிற்றார் அன்று. அதற்கு ஏற்றப்பட்ட மின்சாரமே.

இன்னொரு காரணமும் உண்டு. பிரித்து எடுத்ததைக் கொண்டு புதிது கட்டுதல் இவ்வூரின் வரலாற்றிலேயே எழுதப்பட்டிருக்கின்றது. 1624இல் போர்த்துக்கீசர் கோணேசர் கோயிலை இடித்த கற்களைக் கொண்டே அம்மலையிற் கோட்டை எழுப்பினர். பின்னாளில் பிரட்றிக் கோட்டை எனப் பெயர் பெற்ற அதன் வாயிலில் கயற்பொறி தாங்கிய கல்லை இன்றும் காணலாம். பிறர் கட்டியதை இடித்துத் தன் அரண் அமைத்தல் ஆள்வோனின் செயல். ஆண்டவன் கழித்துப் போட்டதைப் பொறுக்கித் தன் குரலை உயர்த்துதல் ஆளப்பட்டவனின் செயல். இரண்டையும் மீள்பயன்பாடு என்னும் ஒரே சொல்லால் மூடிவிடுதல் பொருந்தாது. வால்வு விரியலாக்கி பற்றிப் பேசுகையில் இந்த வேறுபாடு மனங்கொள்ளத்தக்கது.

திருகோணமலைத் துறைமுகம் பிரித்தானியக் கடற்படையின் கீழைத்தேயத் தளங்களுள் முதன்மையானவற்றுள் ஒன்றாக விளங்கியது. 1942 ஏப்ரில் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் இதனைத் தாக்கின. சீனக்குடா எண்ணெய்த் தாங்கித் தொகுதியில் 91ஆம் இலக்கத் தாங்கி விமானமொன்று மோதியதால் எரிந்தழிந்தது. 1944 ஆகத்து 8ஆம் நாள் வேலியன்ற் என்னும் போர்க்கப்பலை ஏந்தி நின்ற மிதக்கும் துறை உடைந்து துறைமுகத்திலேயே அமிழ்ந்தது. 1957 ஒற்றோபர் 15ஆம் நாள் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. இந்நிகழ்ச்சிகளை வரலாற்று நூல்கள் கப்பலும் எண்ணெயும் பற்றியவையாக எழுதுகின்றன. ஆயின் அக்காலத்துக் கடற்படைத் தளம் என்பது வால்வுகளின் தளமுமாகும். செலுத்தி, வாங்கி, ரேடார், கப்பலின் உள்ளறிவிப்புக் கருவி ஆகிய யாவும் கண்ணாடிக் குமிழிகளின் செந்தணலிலேயே இயங்கின.

அக்குமிழிகளுக்கு இரட்டைப் பெயர் உண்டு. பிரித்தானியப் படைத்துறை அவற்றைச் சிவி என்னும் எழுத்துகளோடு இலக்கமிட்டுப் பதிந்து வைத்தது. ரேடாருக்கு உயிரான ஈஎவ் 50, படைப்பதிவில் சிவி 1091. இசை விரியலாக்கிகளிற் புகழ்பெற்ற கேடி 66, அதே பதிவில் சிவி 1075. 1947இல் டி. ரி. என். வில்லியம்சன் ‘வயர்லெஸ் வேல்ட்’ இதழில் வெளியிட்ட, உலகெங்கும் வீட்டிலிருந்து செய்வோர் பின்பற்றிய விரியலாக்கிச் சுற்று, இந்தக் கேடி 66 இணையைக் கொண்டதே. போருக்காக ஆயிரக்கணக்கிற் செய்து குவித்த பண்டம், போர் ஓய்ந்ததும் இலண்டன், நியூயோர்க் கடைத்தெருக்களில் மலிவு விலைக்கு வந்தது. அம்மலிவு இல்லையேல் அடுத்த பதினைந்தாண்டு இசையின் ஒலி வேறாயிருக்கும்.

மின்கிற்றாரின் பெருங்கருவிகள் தொழிற்சாலையிற் பிறந்தவை என்பது பொதுவான எண்ணம். உண்மை அவ்வாறன்று. லியோ பெண்டர் 1938இல் கலிபோர்ணியாவின் புல்லர்ற்றன் ஊரில் வானொலி திருத்தும் கடை வைத்தவர். வால்வு உற்பத்தியாளர் தம் கையேடுகளில் அச்சிட்ட மாதிரிச் சுற்றுகளே அவர்போன்றோரின் பாடநூல். 1962இல் இலண்டன் ஹான்வெல்லில் ஜிம் மார்ஷலின் இசைக்கருவிக் கடையில் கென் பிறானும் டட்லி கிறேவனும் பெண்டரின் பாஸ்மன் சுற்றை அடியொற்றியே தம் முதற் பெட்டியைச் செய்தனர். கையிற் கிடைத்த வால்வும் நிலைமாற்றியும் ஒலிபெருக்கியும் வேறாயிருந்தமையால் ஒலியும் வேறாயிற்று. படியெடுக்கப் புகுந்து, படி பிசகியதால் பிறந்த தனித்தன்மை அது. ஈழத்துப் பொப்பிசையை இரவற்குரல் எனத் தள்ளிவிட்டோர், மார்ஷலின் பெட்டியும் இரவல் என்பதை அறிந்திருப்பின் சற்றே தயங்கியிருப்பர்.

இவையெல்லாம் தொலைவான செய்திகள் அல்ல. இத்தீவின் ஒலிபரப்பே கழிபொருளில் தொடங்கியது. 1923இல் கொழும்புத் தந்தித் திணைக்களத்தின் தலைமைப் பொறியியலாளர் எட்வேட் ஹாப்பர், மத்திய தந்தி நிலையத்தின் சிற்றறையொன்றிலிருந்து இசைத்தட்டு இசையைப் பரிசோதனையாக ஒலிபரப்பினார். அதற்குரிய செலுத்தியைத் திணைக்களத்தார், முதல் உலகப் போரிற் கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கியின் வானொலிக் கருவிகளிலிருந்து செய்தனர். 1925 டிசம்பர் 16இல் முறையான ஒலிபரப்புத் தொடங்கிற்று. பிற்காலத்தில் தமிழகமெங்கும் கேட்கப்பட்ட இலங்கை வானொலியின் முதல் மூச்சு, கடலடிப் போர்க்கருவியின் மிச்சத்திலிருந்து வந்தது. இந்நிகழ்ச்சியை விந்தைச் செய்தியாகக் கூறிச் செல்வோர் பலர்; இசை வரலாற்றின் ஒரு கோட்பாடாகக் கொண்டோர் சிலரே.

கழிபொருள் எப்போது கருவியாகின்றது? ஒரு பண்டம் ஒருவனுக்குப் பழசாகியும் இன்னொருவனுக்கு எட்டாததாகவும் இருக்கும் இடைவெளியில். 1960களில் திரான்சிற்றர் வானொலி பரவப் பரவ, வீட்டு மூலையில் இருந்த பெரிய வால்வு வானொலிகள் இடத்தை அடைக்கும் சுமையாயின. 1970 முதல் 1977 வரை நடைபெற்ற ஆட்சியில் இறக்குமதிகள் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டன. தென்னிந்திய இதழ்களும் படங்களும் மட்டுப்படுத்தப்பட்டமை ஈழத்துக் கலைகளுக்கு ஊக்கம் தந்தது எனப் பலரும் எழுதியுள்ளனர். அதே கட்டுப்பாடு இசைக்கருவிக்கும் உதிரிப்பாகத்துக்கும் உரியது என்பதை இக்கூற்றோடு சேர்த்தே நோக்கவேண்டும். ஊக்கம் என்று இங்கே பெயர் பெறுவது, உண்மையில் முட்டுப்பாடு. புதுப்பெட்டி வாங்க வழியற்ற இடத்தில் பழைய பெட்டி திறக்கப்படும். 1990களின் முற்பகுதியில், பொருளாதாரத் தடைக்குட்பட்ட யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்கலம் இன்றித் துவிச்சக்கரவண்டி டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். அதனைத் தமிழரின் புத்திக்கூர்மை என்று வியந்து நிறுத்திவிடுவோர், அந்தச் சக்கரத்தைச் சுற்றிய கையின் வலியை மறந்துவிடுகின்றனர்.

இனி அப்பெட்டி திறக்கப்படும் முறையை நோக்குதல் வேண்டும். துறைமுக நகரொன்றில் 1950களைச் சேர்ந்த வால்வு வானொலி ஒருவனின் மேசைக்கு வந்துள்ளது எனக் கொள்க. அவன் முதலிற் செய்வது எளிய சோதனை. பெட்டியின் பின்புறத்தில் இசைத்தட்டுக் கருவியைப் பொருத்துதற்கு இரு துளைகள் உண்டு. அவற்றிற் கிற்றாரை இணைக்கின்றான். ஒலி வருகின்றது, ஆயின் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வருகின்றது. இசைத்தட்டின் முள் தரும் அளவுக்குக் கிற்றாரின் காந்தச்சுருள் மின்னழுத்தம் தருவதில்லை. எனவே முன்னே மேலும் ஒரு வால்வு வேண்டும். ஈசிசி 83 கிடைப்பின் நன்று. இல்லையெனில், பழைய அமெரிக்கப் பாணி வானொலிகளில் உள்ள 6ஏவி6 போதும். அதன் பெருக்கும் ஆற்றல் ஈசிசி 83இன் ஒரு பாதிக்கு ஏறத்தாழ நிகரானது. இதனை அறிதல் வெறும் பொறிநுட்ப அறிவன்று. வேறு பெயரில் மறைந்து நிற்கும் ஒரே பொருளை இனங்காணல் அது. பாடபேதம் கண்டு மூலம் தெளியும் பதிப்பாசிரியனின் பயிற்சியோடு ஒப்புநோக்கத்தக்கது.

வானொலியின் முற்பாதி முழுவதும், அதாவது அலையைத் தேர்ந்து மாற்றும் பகுதி, அவனுக்கு வேண்டாதது. எஞ்சும் பிற்பாதியில் மின்னூட்டும் நிலைமாற்றி, சீராக்கி வால்வு, ஈஎல் 84 அல்லது 6வி6 போன்ற வெளியீட்டு வால்வு, வெளியீட்டு நிலைமாற்றி, ஒலிபெருக்கி ஆகியன இருக்கும். இந்த ஒற்றை வால்வு 4 முதல் 6 வற்று வரை தரும். வீட்டறைக்கு இது மிகுதி. பந்தலுக்கு இது போதாது. போருக்கு முந்திய பெட்டியாயின் ஒலிபெருக்கியில் நிலைக்காந்தம் இராது. மின்காந்தச் சுருளே இருக்கும். அச்சுருள் மின்னூட்டச் சுற்றின் ஓர் உறுப்புமாகும். ஒலிபெருக்கியை மாற்றினால் முழுப்பெட்டியும் ஊமையாகும்.

பழைய பாகம் எல்லாம் பயன்படும் பாகம் அன்று. மெழுகு பூசிய கடதாசிக் கொள்ளளவிகள் காலப்போக்கில் மின்னைக் கசியவிடும். கசிந்த மின் வெளியீட்டு வால்வின் நெய்யரியை நேரேற்றமாக்க, அனோட்டுத் தகடு செக்கச்செவேலெனச் சிவந்து வால்வு அழியும். கரித்தடைகளின் அளவு ஆண்டுகள் செல்லச் செல்ல ஏறும். மின்பகு கொள்ளளவிகள் நெடுநாள் கிடந்தால் அவற்றின் உட்படலம் நைந்துபோகும். ஒரேயடியாக முழு மின்னழுத்தத்தையும் கொடுத்தால் வெடிக்கவுங்கூடும். அனுபவம் உடையோர் தொடரில் மின்குமிழ் ஒன்றை இணைத்து, அது எவ்வளவு ஒளிர்கின்றதென நோக்கிப் பெட்டியின் உடல்நிலையை அறிவர். மைக்காக் கொள்ளளவி நிலைத்து நிற்கும். செப்புச்சுருள் எப்படியிருக்கும் என்பது காற்றைப் பொறுத்தது. கடற்காற்றின் உப்பீரம் தலைமயிரினும் மெல்லிய கம்பியைப் பச்சை படரச் செய்து அறுத்துவிடும். வெளியீட்டு நிலைமாற்றியின் முதற்சுருள் முதலில் இறப்பது இதனாலேயே. ஒலிபெருக்கியின் கடதாசிக் கூம்பும் ஈரத்தில் தளரும். உள்நாட்டில் முப்பது ஆண்டு கிடந்த பெட்டியும் துறைமுகத்தில் பத்து ஆண்டு கிடந்த பெட்டியும் ஒரே வயதினவாதல் உண்டு.

படைக்கருவிகளைக் கையாளுதல் மேலும் கடினம். விமானக் கருவிகளின் நிலைமாற்றிகள் உயர்ந்த மீடிறனுக்கென ஆக்கப்பட்டவை. வீட்டு மின்னின் 50 மீடிறனில் அவற்றை இணைத்தால் இரும்பகம் நிரம்பி எரியும். செலுத்திகளில் வழங்கிய 807 வால்வு நல்லதோர் இசைவால்வாகவும் பயன்படக்கூடியது. ஆயின் அதன் அனோட்டு உச்சந்தலையில் உள்ள தொப்பியில் முடிகின்றது. நூற்றுக்கணக்கான வோல்ற்று திறந்தவெளியில், கைபடும் உயரத்தில் நிற்கும். பெட்டியை அணைத்த பின்னும் கொள்ளளவிகளில் மின்னேற்றம் தங்கியிருக்கும்.

இவற்றினும் கொடியது ஒன்று உண்டு. கப்பல்களிலும் சில நகர்களிலும் முன்னாளில் நேரோட்ட மின்னே வழங்கியது. இருவகை மின்னுக்கும் பொருந்துமாறு செய்யப்பட்ட, யூ வரிசை வால்வுகள் கொண்ட வானொலிகளில் நிலைமாற்றியே இராது. அவற்றின் தகரச் சட்டகம் மின்வழங்கலின் ஒரு முனையோடு நேரே தொடுத்திருக்கும். கேட்பவன் பேக்கலைற் குமிழியை மட்டும் தொடும்வரை தீங்கில்லை. கிற்றாரை இணைத்தவுடன் சட்டகத்தின் மின் வடத்தின் வழியே உலோக நரம்புக்கும், நரம்பின் வழியே விரலுக்கும் வரும். ஸ்கொட்லாந்துக் கிற்றார்க் கலைஞர் லெஸ் ஹாவி 1972 மே 3ஆம் நாள் ஸ்வான்சி மேடையில் ஒலிவாங்கியைத் தொட்ட மாத்திரத்தே இறந்தார். புவித்தொடுப்புப் பிழையே காரணம். தேர்ந்த மேடையிலேயே இவ்வாறாயின், பழைய வானொலியை இரவோடிரவாகத் திருத்தி மேடையேற்றுவோனின் நிலை கூறவேண்டுவதில்லை. கழிபொருளிற் செய்தது என்ற ஒன்றே கொண்டு ஒரு கருவியைப் பாராட்டுதல் ஏன் தவறு என்பதற்கு இது போதிய சான்று. எதனை எடுத்தான் என்பதோடு, எதனை எடுக்க மறுத்தான் என்பதைக் கொண்டே செய்தவனின் திறம் மதிக்கப்படல் வேண்டும்.

ஒலியின் இயல்புக்கு வருவோம் எனின், இங்கேதான் திறனாய்வாளரின் செவி மிகவும் தேவைப்படுகின்றது. வால்வு விரியலாக்கி தன் எல்லையை நெருங்கும்போது வந்த அலையை வந்தவாறே பெருக்குவதில்லை. அதன் முகட்டை மழுக்கி, இல்லாத அனுசுரங்களைச் சேர்க்கின்றது. ஒற்றை வெளியீட்டு வால்வில் இரண்டாம் அனுசுரம் மிகும். அது மேல்தாயிச் சட்சமாதலின் செவிக்கு முரணாவதில்லை. இணை வால்வுச் சுற்றில் இரட்டைப்படை அனுசுரங்கள் பெரிதும் நீங்க, மூன்றாவது மேலோங்கும். அது பஞ்சமத்தின் இனம். இதனை மேல்நாட்டார் வெம்மையான ஒலி என்கின்றனர். தமிழ்ச் செவிக்கு இது முற்றிலும் அயலானதெனக் கொள்ளுதல் கூடாது. தம்புராவின் குதிரைக்கும் நரம்புக்கும் இடையே ஒரு நூலிழையை நகர்த்தி வைத்து, ஜீவாளி எனப் பெயரிட்டு, அதனால் எழும் ரீங்காரத்தைச் சுருதியின் உயிர் என்று மதித்தது இதே இசைமரபு. அந்த நூலிழையும் வேண்டுமென்றே செய்யப்பட்ட சிதைவே. 1964இல் கிங்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் தம் சிறு விரியலாக்கியின் ஒலிபெருக்கிக் கூம்பைச் சவர அலகால் கீறிப் பெற்ற கரகரப்பும் ஜீவாளியும் ஒரே வினாவுக்குக் கிடைத்த இரு விடைகள்.

ஒற்றுமை இவ்வளவே, இதற்கு மேல் நீட்டினால் பிழைபடும். தம்புரா தனித்தனி நரம்பாக மீட்டப்படுவது. கிற்றாரோ, பைலாவிலும் பொப்பிசையிலும், பல நரம்பை ஒருசேர உரசி வாசிக்கப்படுவது. இரண்டு சுரங்கள் ஒரே வால்வில் ஒருங்கே சிதையும்போது அவற்றின் கூட்டலும் கழித்தலுமாகிய புதிய ஒலிகள் பிறக்கும். அவை எந்த அளவிலும் அடங்காதவை. தாளத்தின் வெட்டை மங்கச் செய்பவை. தனி நரம்பில் இனிமையாகும் சிதைவு, சேர்நரம்பிற் சேறாகும். மேலும், வசதி குன்றிய மேடையில் பாடகனின் ஒலிவாங்கியும் கிற்றாரும் ஒரே பெட்டியுட் புகுமாயின், கிற்றாரின் ஒவ்வொரு உரசலுக்கும் பாட்டுக் குரல் நடுங்கும். வல்லெழுத்துகள் முதலில் மறையும். தமிழ்ப் பாட்டில் வல்லெழுத்து மறைந்தால் எதுகை மறையும். எதுகை மறைந்தால் நகைச்சுவைப் பாட்டின் அடி விளங்காது. ஈழத்துப் பொப்பிசையின் வலிமை அதன் பேச்சுவழக்குச் சொல்லிலும் எள்ளலிலும் இருந்தது. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோரின் பாடல்கள் மக்கள் வாயிற் பயின்றமைக்கு அச்சொற்களே முதற்காரணம். எனவே இவ்விசைக்கு வேண்டியது எல்லைக்கு உட்பட்டு நிற்கும் தெளிந்த ஒலி. மேல்நாட்டு உரத்த இசைக்கு வேண்டியதோ எல்லை கடந்த ஒலி. ஒரே வால்வு, ஒரே சுற்று. வேண்டப்பட்ட குணமோ நேர்மாறு. பொப்பிசை மேல்நாட்டைப் படியெடுத்தது என்னும் குற்றச்சாட்டு தளர்வது இவ்விடத்தில்தான். கருவியை வாங்கிக்கொண்ட இசை, அக்கருவி மேல்நாட்டில் எதனாற் புகழ்பெற்றதோ அதனை வேண்டாமென்று விட்டது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. தெளிந்த ஒலி வேண்டுவோனுக்கு ஆற்றல் மிக வேண்டும். 5 வற்றுப் பெட்டியை எல்லைக்கு உட்படுத்தி வாசித்தால் பந்தலின் நான்காம் வரிசைக்கு மேல் கேளாது. திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவோர் வைத்திருந்த பெரிய வால்வுப் பெட்டிகளும் கொம்புக் குழாய்களும் இந்த இடத்திற் கைகொடுக்கக் கூடியவை. ஆயின் கொம்புக்குழாய் நெடுந்தொலைவு செல்வதற்காக ஆழ்ந்த ஒலியைப் பலியிடுவது. அதன்வழி வந்த கிற்றார் தகரத்தைத் தட்டியது போலிருக்கும். ஒலிப்பதிவில் இசையைக் கேட்ட திறனாய்வாளரும் பந்தலிற் கேட்ட மக்களும் ஒரே பாட்டைக் கேட்டனர் என்று கூறமுடியாது.

அண்மைக்காலத்தில் வால்வு ஒலி மீண்டும் போற்றப்படுகின்றது. உருசியாவிலும் சுலோவாக்கியாவிலும் சீனாவிலும் புதிய வால்வுகள் செய்யப்படுகின்றன. பழைய பிரித்தானிய வால்வுகள் அணிகலன்போல் விலைபோகின்றன. கையாற் பற்றவைத்த சுற்று என்பது இன்று செல்வரின் சுவை. ஒருகாலத்து முட்டுப்பாடு இன்னொரு காலத்து நாகரிகமாவது கலை வரலாற்றிற் புதிதன்று. ஆனால் இப்போற்றுதலின் ஒளியிற் பழைய இளைஞரின் முயற்சியை நோக்கி, அவர் வெம்மையான ஒலியைத் தேடினர் என எழுதுவது பொருந்தாது. 1977க்குப் பின் சந்தை திறக்கப்பட்டு யப்பானிய ஒலிநாடாக் கருவிகள் வந்து குவிந்தபோது வால்வைக் கைவிட எவருக்கும் நெஞ்சுரம் தேவைப்படவில்லை. அவர்கள் தேடியது பாட்டுக் கேட்கவேண்டும் என்பதை மட்டுமே.

சொல்வளம் பற்றியும் ஒன்று கூறவேண்டியுள்ளது. நிலைமாற்றி, கொள்ளளவி, நெய்யரி, மீடிறன் என ஈழத்துப் பாடநூல்கள் ஆக்கிய சொற்கள் செம்மையானவை. இந்திய வழக்கினின்று வேறுபட்டுத் தமக்கெனத் தகுதி பெற்றவை. பட்டறையிலோ ட்ரான்ஸ்போமர், கொண்டென்சர், அம்பிளிபயர் என்பனவே வழங்கின. கலைச்சொல்லாக்கத்திலும் முன்னின்று உழைத்த விபுலாநந்த அடிகளுக்கு, கருவியும் அதன் பெயரும் ஒரே ஆய்வின் இரு பக்கங்கள். பின்வந்தோரிடம் அவை பிரிந்தன. சொல்லை ஆக்கியோர் கருவியைத் தொட்டிலர். கருவியைத் தொட்டோர் எழுதிலர். யாழின் உறுப்புகளுக்குப் பத்தர், கோடு, ஆணி எனப் பெயர்நிரல் உண்டு. சங்க நூல்கள் அவற்றை உவமையோடு விளக்கிச் செல்கின்றன. விரியலாக்கியின் உள்ளுறுப்புகளை அவ்வாறு கூறும் தமிழ்ப் பாட்டோ கதையோ இருப்பின் அது மிக அரிதே.

இசைத்தட்டுகள் சேகரிப்போர் கையில் எஞ்சியுள்ளன, பாடல்கள் மறுபதிவாகின்றன. பெட்டிகளோ மறுபடியும் உதிரிப்பாகமாகிவிடும் இயல்பின. அவற்றின் செப்பு உருக்கப்படும். அலுமினியச் சட்டகம் நிறுத்து விற்கப்படும். ஆயினும் மறுபதிவு செய்வோர் இரைச்சல் என்று கருதி நீக்கும் ஒலியில் அவற்றின் சுவடு சிலபோது இருக்கும். 50 மீடிறன் மின்னைச் சீராக்கும்போது 100 மீடிறன் கொண்ட மெல்லிய முரலல் எஞ்சும். கொள்ளளவி பழசாயின் அது தெளிவாகவே கேட்கும். மேல்நாட்டுச் சுரவரிசையில் அது ஜீ என்னும் சுரத்துக்குச் சற்றே மேல். பாடகன் எந்தச் சுருதியில் எடுத்தாலும் இந்தச் சுருதி மாறாது, பாட்டுக்கு முன்னரே தொடங்கி, பாட்டு முடிந்தும் சுவிச்சை அணைக்கும்வரை ஒலித்துக்கொண்டிருக்கும்.